இத்தாலியில் வற்றிய கடல்

அந்தப் பெண்ணின் குரல் மூன்றாவது தடவையாக இத்தாலியின் காப்ரித் தீவில் போய் இறங்கியபோது ஜஸ்வின் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினான்.

கசெட் பிளேயர் மேசை நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஆக்லாந்தின் பாபடோயிட்டோய் கடைத்தெருவில் ஜனவரி வெயில் கொளுத்தியது. மளிகைக் கடைக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குள் மிளகாய்த்தூள் வாசனை. அதற்கு நடுவே ஒருத்தி சுற்றுலாக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் சிரிப்பு மருந்துக்குக்கூட இல்லை.

"...சொரெந்தோவில காலமை படகு ஏறினனாங்கள். நீலக் குகைக்குள்ள போகேக்கை எல்லாரையும் படகில படுக்கச் சொன்னவங்கள். உள்ளுக்குத் தண்ணி நீல மை மாதிரி. பிறகு போசித்தானோ எண்ட ஊர். வீடெல்லாம் மலையில இருந்து கடலுக்கு இறங்கி வருகுது. நல்ல வெயில். கடலில குளிச்சனாங்கள். எலுமிச்சம்பழ ஐஸ் சாப்பிட்டனாங்கள். ஒருத்தரும் என்னைத் தேட வேண்டாம்..."

"எங்கம்மா கத்திரிக்கா விலை சொன்னாகூட இதைவிட சந்தோஷமா சொல்வாங்க, அக்கா" என்றான் ஜஸ்வின். பயந்தால் அவனுக்கு வாய் நீளும். அன்று அது காலையிலிருந்தே நீண்டுகொண்டிருந்தது.

அவனுடைய முதலாளி ரதிதேவி கசெட்டைப் பின்னோட்டினார். கொழும்பில் கப்பல் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் பொய்களைப் பிடிப்பதே அவருடைய வேலையாக இருந்தது. ஆக்லாந்துக்கு வந்த பிறகு பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிப்பு. மாப்பிள்ளை குடிப்பாரா, சொந்த வீடா, விசா உண்மையா என்று பார்த்துச் சொல்லுவார். விரி தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த கிள்ளான்காரன் ஜஸ்வினை உதவிக்குச் சேர்த்துக்கொண்டதும் அந்த வேலைக்குத்தான். எவரோடும் இரண்டு நிமிடத்தில் ஒட்டிக்கொள்வான். கொலை, கடத்தல் எல்லாம் அவன் கேட்டு வாங்கியதில்லை.

நேற்று வித்தியா என்ற பெண் வந்து அவனுடைய நிம்மதியைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவளுடைய தங்கை பிரணவியை ஒரு மாதமாகக் காணவில்லை. தங்கையின் புருசன் யசீகரன் அவளை எங்கோ அடைத்து வைத்திருக்கிறான் என்றாள். அடிப்பான், இஸ்திரிப் பெட்டியால் கையில் சுட்டவன், என்றைக்காவது கொன்றுவிடுவான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தபாலில் வந்த இந்தக் கசெட்டைப் பொலிசில் கொடுத்தால், "ஹொலிடேயில் இருக்கிறாள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "வீட்டை மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ. உடனே எனக்கு ஒரு போன் அடிச்சாப் போதும். பொலிசைக் கூட்டிக்கொண்டு வாறது என்ர பொறுப்பு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கல்யாணப் படம் ஒன்றையும் விட்டுப் போயிருந்தாள். அதில் யசீகரன் நல்லவன் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் ஜஸ்வின் படத்தைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

"தம்பி, இத்தாலியில இப்ப என்ன காலம்?" என்று கேட்டார் ரதிதேவி.

"ஜனவரி. வெயில் காலம்."

"இங்கதான் வெயில். அங்க நடுங்கிற குளிர். குளிருக்குள்ள ஆர் கடலில குளிச்சு ஐஸ் சாப்பிடுகிறது?"

ஜஸ்வின் தலையில் அடித்துக்கொண்டான். "நம்ம கிள்ளான்ல எப்பவும் ஒரே சூடுதானே, அக்கா! நாலு சீசன் இருக்குன்னே நான் இங்க வந்துதான் கத்துக்கிட்டேன். ஜனவரின்னா வெயில்னு மண்டையில ஏறிப்போச்சு லா."

"இதை யோசிச்சு எழுதின ஆளுக்கும் அப்பிடித்தான் ஏறியிருக்கு. யாழ்ப்பாணத்தில குளிர்காலம் தெரியாம வளர்ந்து, ஆக்லாந்தில பருவம் படிச்ச ஆள். கையில சுற்றுலாக்காரற்ர ரூர் புத்தகத்தை வச்சுக்கொண்டு சொல்லுது. உறையில இத்தாலியின்ர நேப்பிள்ஸ் முத்திரை இருக்கு. அதை ஆரும் கொண்டுபோய் அங்க போடலாம்."

"அப்ப அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கா?"

"இன்னொண்டு. எங்கட ஆக்கள் கசெட்டில பேசி அனுப்பினா, சுகம் விசாரிக்கவே கால்வாசி ஓடிப்போகும். அம்மா சுகமோ, மாமாட கால்நோவு எப்பிடி, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டுதோ எண்டு. இது அக்காவுக்கு அனுப்பின கசெட். ஒருக்காக்கூட 'அக்கா' எண்டு வரேல்லை."

எழுதிக் கொடுத்ததை ஒருத்தி வாசிக்கிறாள், பக்கத்தில் ஒருவன் நிற்கிறான் என்று ஜஸ்வினின் மனம் தானாகவே படம் போட்டது. நிற்கிறவன் கையில் இஸ்திரிப் பெட்டி வேறு இருந்தது.

ரதிதேவி கசெட்டைத் திருப்பிப் போட்டார். இரண்டாம் பக்கத்தில் குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. புத்தகம் தீர்ந்துபோனது கேட்கும்போதே தெரிந்தது.

"...காலமை எழும்பிப் பாத்தா தண்ணி படிக்கட்டு மட்டும் நிக்கும். மத்தியானம் கடல் போயிடும். ஒரே சேறு. படகெல்லாம் ஒருபக்கம் சரிஞ்சு கிடக்கும். கரையில பெரிய மரங்கள் கடலுக்கு மேல சாய்ஞ்சு நிக்குது. சிவப்புப் பூ ஊசி ஊசியா உதிர்ந்து மணலெல்லாம் சிவப்பு. மேல நாலைஞ்சு கடை இருக்கிற சின்னச் சந்தி. அங்க இருந்து றோட்டு நேரா கடலுக்கு இறங்குது..."

குரலுக்குப் பின்னால் ஒரு விமானம் தாழ்வாக உறுமிக்கொண்டு போனது.

"இத்தாலிக் கடல் ஒரு முழத்துக்கு மேல ஏறி இறங்காது" என்றார் ரதிதேவி. "அந்தக் கடலில ஓடின கப்பலுக்கெல்லாம் நான் கிளெயிம் பாத்தனான். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வத்திச் சேறாப் போறது எங்கட ஆக்லாந்து மனுகாவ் கடல்."

"சிவப்பு ஊசிப் பூ, பொஹுடுகாவா மரம்!" ஜஸ்வின் துள்ளினான். "பிளேன் சத்தம் ஏர்போர்ட். மேல கடைத்தெரு, கீழ கடல்... பிளாக்ஹவுஸ் பே! அக்கா, நான் போனவாரம் அங்க மீன் பிடிக்கப் போய் செருப்பைச் சேத்துல விட்டுட்டு வந்தேன்!"

ரதிதேவி கார்ச் சாவியை எடுத்தார். எடுத்தவர் வாசலில் ஒரு கணம் நின்றார்.

"ஒண்டுதான் விளங்கேல்லை. அடைச்சு வச்சிருக்கிறவன், ரெண்டு பக்கமும் முடியும் மட்டும் அவளை ஏன் கதைக்க விட்டவன்?"

"அதை அவனையே கேட்டுக்கலாம்" என்றான் ஜஸ்வின். சொன்ன பிறகுதான் தான் சொன்னது எவ்வளவு பயங்கரமான யோசனை என்று அவனுக்கு உறைத்தது.

பிளாக்ஹவுஸ் பேயில் அந்தச் சந்தி கசெட்டில் சொன்னபடியே இருந்தது. ரதிதேவி காரை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஜஸ்வின் டெய்ரி என்று அழைக்கப்படும் மூலைக்கடையில் தண்ணீர் வாங்கினான். வாசலில் பொதுக் கார்ட் போன் இருந்தது. வாக்குக் கொடுத்தபடி வித்தியாவுக்கு ஒரு தகவல் சொல்லிவிடுவோம், பொலிசோடு அவள் வந்துவிட்டால் நம் முதுகெலும்பு தப்பும் என்று நினைத்தான். சந்தியின் பெயர், இறங்கும் தெரு, கடற்கரை எல்லாம் சொன்னான். அவள் நன்றி சொல்லக்கூட நிற்காமல் போனை வைத்தாள். பாவம், பதற்றம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

காரை மெதுவாக இறக்கினார்கள்; தெரு சரிந்து கடலை நோக்கி இறங்கியது. கீழே கடல் இல்லை. சேறு பளபளத்தது. படகுகள் விலா தெரியச் சரிந்து கிடந்தன. படிக்கட்டும் சிவப்பு மணலும் படகு இறக்கும் சரிவும் ஒரே பார்வையில் படக்கூடிய வீடுகள் மூன்றுதான் இருந்தன. மூன்றாவது, பலகைச் சுவர் வைத்த பழைய வீடு. அந்த வெயிலிலும் எல்லாத் திரைகளும் மூடியிருந்தன. ஒரு ஜன்னல் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மட்டும் ஒரு பூந்தொட்டி இருந்தது.

"கறிவேப்பிலை" என்றான் ஜஸ்வின் மெதுவாக. "அக்கா, இந்த ஊர்ல புள்ளையைவிடக் கவனமா இதை வளர்க்கிறது நம்மாளுங்க மட்டும்தான்."

"நான் முன்னுக்குத் தட்டுறன். நீர் பின்பக்கம் போம்."

ஜஸ்வின் சுவரோடு ஒட்டி ஒட்டிப் போனான். முன்கதவு தட்டப்பட்ட அதே கணத்தில் பின்கதவு திறந்தது. மெலிந்த பெண் ஒருத்தி வெளியே பாய்ந்து அவன்மேல் மோதினாள். அவள் கையில் காய் வெட்டும் கத்தி இருந்தது. அதன் நுனி அவன் சட்டைப் பொத்தானில் வந்து நின்றது.

படத்தில் பார்த்த முகம். முழங்கைக்குக் கீழே முக்கோணமாய்ப் பழைய சூட்டுத் தழும்பு.

"ஆர் நீ? ஆர் அனுப்பினது?"

"பயப்படாதீங்க! காப்பாத்த வந்தோம்! உங்க அக்கா அனுப்பினாங்க!"

"எந்த அக்கா?"

"வித்தியா அக்கா."

அவள் கையிலிருந்து கத்தி கீழே விழுந்தது.

"எனக்கு அக்கா இல்லை" என்றாள் பிரணவி. "வித்தியா அவற்ர அக்கா. என்ர மனுசன்ர அக்கா."

முன்பக்கமிருந்து சுற்றி வந்த ரதிதேவி அதைக் கேட்டுவிட்டார். அவர் இரண்டு எட்டில் பிரணவியை உள்ளே தள்ளிக் கதவை மூடினார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் தலைகீழானது. அவளை யாரும் அடைத்து வைக்கவில்லை. புருசனிடமிருந்து தப்பி, கூட வேலை செய்த பாக்கியலட்சுமியின் வீட்டில் ஒளிந்திருக்கிறாள். பாக்கியலட்சுமி லீவுக்கு ஐரோப்பா சுற்றப் போனபோது, அவளுடைய சுற்றுலாப் புத்தகத்தைப் பார்த்துப் பேசிய கசெட்டை அங்கிருந்து புருசன் வீட்டுக்குத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறாள் பிரணவி. தான் வெளிநாடு போய்விட்டதாக நம்பித் தேடுவதை விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

"முதல் பக்கத்தோட நிப்பாட்டியிருக்கலாமே, பிள்ளை!" என்றார் ரதிதேவி.

"பாதி கசெட்டை வெறுமையா அனுப்ப மனம் வரேல்லை" என்றாள் பிரணவி. "ஊரில அம்மாவுக்கு அனுப்பினாலும் முழுசாத்தான் அனுப்புறனான். சொல்ல ஒண்டும் இல்லாமல் ஜன்னலால பாத்துச் சொன்னனான்."

சுகம் விசாரிக்காததற்குக் காரணமும் ரதிதேவிக்கு இப்போது விளங்கியது. விசாரிக்கும்படியான ஆள் ஒருவரும் கசெட் போய்ச் சேர்ந்த புருசன் வீட்டில் இல்லை. கண்டுபிடித்த தடயம் ஒவ்வொன்றும் சரி. அவற்றை வைத்து வேலை பார்த்தது தப்பான ஆளுக்கு.

"நல்லகாலம், வித்தியாவுக்கு இன்னும் இடம் தெரியாது" என்றார் அவர்.

ஜஸ்வின் தரையைப் பார்த்துச் சொன்னான். "அக்கா... நான் டெய்ரியிலிருந்து போன் பண்ணிட்டேன்."

மேட்டுத் தெருவில் ஒரு கார் கியர் மாற்றி இறங்கும் சத்தம் கேட்டது. ஜஸ்வின் திரை இடுக்கால் பார்த்தான். வெள்ளைக் கார். பக்கத்து இருக்கையில் வித்தியா. ஓட்டிக்கொண்டிருந்தவன் கல்யாணப் படத்திலிருந்த அதே சிரிப்போடு வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தான். வாசலில் ரதிதேவியின் கொரோலா கார் நிற்பதை வித்தியா காட்டியதும் அவன் பிரேக் போட்டான்.

பிரணவி குளியலறைப் பக்கம் போய் ஒரு தரைப்பலகைக் கதவைத் தூக்கினாள். ஆக்லாந்துச் சரிவுகளில் இருக்கும் பழைய வீடுகள் மரக்கால்களில் நிற்பவை. தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஆள் தவழ இடம் இருக்கும். அங்கே ஏற்கனவே ஒரு போர்வையும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தன. எத்தனை நாள் இதை ஒத்திகை பார்த்திருப்பாள் என்று நினைத்தபோது ஜஸ்வினுக்கு அழுகை வந்தது.

"நீரும் இறங்கும்" என்று ரதிதேவி அவன் முதுகில் கை வைத்தார். "வாயை மட்டும் மூடும்."

மேலே கதவு மூடியது. இருட்டு. மண் வாசனை. பக்க மரச் சட்டங்களின் இடைவெளியால் கோடு கோடாக வெளிச்சம். வாசல் கதவு திறப்பதும் இரண்டு சோடிச் சப்பாத்துகள் தலைக்கு மேலே நடப்பதும் கேட்டன.

"என்ர மனிசி எங்க?" என்றது மெல்லிய, மரியாதையான குரல். கத்தியிருந்தால் ஜஸ்வின் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

"வித்தியா, நேற்று நீங்கள் சொன்ன மிருகத்தையும் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறீங்கள்?" என்றார் ரதிதேவி. நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம்.

"அம்மா, அது எங்கட குடும்ப விஷயம். அவளைக் காட்டுங்கோ."

"இந்த வீட்டில அவள் இல்லை. வந்து பாத்தனாங்கள், ஆள் போயிட்டுது. ஜஸ்வின் பொலிசைக் கூட்டிவரப் போயிட்டான்."

"பொலிஸ் எதுக்கு?" வித்தியாவின் குரல் கீச்சிட்டது.

"இதென்ன கதை? உங்கட தங்கச்சியைக் கடத்தி வச்சிருக்கிறாரெண்டு சொன்னது நீங்கள்தானே. பொலிஸ் வந்தா உங்களுக்குச் சந்தோஷமெல்லோ? நேற்று நீங்கள் கதைச்சது முழுக்கக் கசெட்டில இருக்கு. எந்தக் கையில சுட்டவர், எந்தப் பெட்டியால சுட்டவர், சுட்ட பிறகு ஆர் மருந்து போட்டது எண்டெல்லாம். பக்கத்தில நிண்டு பாத்த ஆளுக்குத்தான் அவ்வளவும் தெரியும். அவருக்கு எதிரா இனி வேற சாட்சி தேவையில்லை."

அப்படி ஒரு கசெட்டே கிடையாது. அது ஜஸ்வினுக்குத் தெரியும். தெரிந்தும் அவனே நம்பிவிட்டான்.

மேலே சப்பாத்துகள் ஓர் அடி நகர்ந்தன. பிறகு அந்த மெல்லிய குரல், "அக்கா, நீ என்னெண்டு சொன்னனி?" என்று கேட்டது.

"தம்பி, அவையள் நம்பவேணுமெண்டு..."

"உண்மையைச் சொன்னனியோ?"

ஏதோ உடைந்தது. வித்தியா விம்மினாள். பக்கத்தில் பிரணவி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் முகம் புதைத்தாள். அந்த விம்மலை அவள் முன்பு எத்தனை தடவை தானே விம்மியிருப்பாள்! சப்பாத்துகள் வாசலை நோக்கி விரைந்தன. கார்க் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. எஞ்சின் உறுமி மேட்டில் ஏறித் தேய்ந்தது.

ஜஸ்வின் பெருமூச்சு விட்டு வாயைத் திறந்தான். பிரணவியின் கை அவன் வாயை அழுத்தி மூடியது. மண் ருசித்தது. அவள் தலையை மட்டும் அசைத்து, மரச் சட்டங்களைக் காட்டினாள்.

வெளியே புல்லில் இரண்டு கறுப்புச் சப்பாத்துகள் நின்றன. தமக்கையைக் காரோடு அனுப்பிவிட்டு அவன் மட்டும் நின்றுவிட்டான். இப்படி நிற்பது அவனுக்கு வழக்கம் என்பதை, அவளுடைய கையின் உறுதியிலிருந்து ஜஸ்வின் தெரிந்துகொண்டான். சப்பாத்துகள் ஒரு சட்டத்திலிருந்து அடுத்ததற்கு மெதுவாக நகர்ந்தன. நேர் எதிரே வந்து நின்றன. இனிக் குனிந்தால் போதும். ஜஸ்வின் தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டான், சத்தமில்லாமல்.

அப்போது மேலே ரதிதேவி போனை எடுத்தார். பொலிசோடு உரத்த ஆங்கிலத்தில் பேசினார். வீட்டு எண், தெரு, யசீகரனின் பெயர், வெள்ளைக் காரின் எண் எல்லாவற்றையும் ஊர் கேட்கும்படி சொன்னார். "இல்லை, ஆள் இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறான், ஜன்னலால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றும் சொன்னார். இந்தத் தடவை பொய் எதுவும் இல்லை.

சப்பாத்துகள் திரும்பின. முதலில் நடந்தன, பிறகு ஓடின. மேட்டுத் தெருவில் அவற்றின் சத்தம் தேய்ந்து மறையும்வரை பிரணவி அவன் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா" என்றான் ஜஸ்வின், வாய் விடுபட்டதும். அவன் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அவள் போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. தழும்பு தெரிந்த கையால் முகத்து மண்ணைத் துடைத்தாள்.

"ஒரு மாசம் நல்லா நித்திரை கொண்டனான், தம்பி. கலியாணம் கட்டின பிறகு முதல் தரம். இனி எங்க போய்ப் படுக்கிறது, சொல்லும்?"

மேலே ரதிதேவி இன்னும் போனை வைக்கவில்லை. ஜஸ்வின் தரைப்பலகைக் கதவைத் தள்ளித் தூக்கி, அவள் ஏறும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.